புளி ராவுத்தரின் மறுவீடு

வாங்க வந்தவர்களை விரட்டி விரட்டியே வியாபாரத்தில் நிலைத்து நின்ற மனிதர் இந்தப் பூவுலகில் ஒருவர்தான். அவர் எங்கள் கொல்லங்கோட்டில் இருக்கிறார். எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று வேறு யாராவது எழுதினால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், எங்கள் தெரு முனையில் அவர் கடை. முன்பக்கம் பூட்டும் சாவியும். சாவியைத் தொலைத்தவர்களுக்கு மாற்றுச் சாவி போடுவார், திறக்க மறுக்கும் பீரோவை வீட்டுக்கே வந்து திறந்து கொடுப்பார். சோறு போட்டது பூட்டு. ஆனால் மனிதருக்கு உயிர் இருந்தது பின்பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில். அதற்குள் கொச்சிப் புத்தன், திருவிதாங்கூர்ச் சங்குக் காசு, வெள்ளைக்காரன் காலத்துக் காலணா என்று பழைய காசுகள் பஞ்சுமெத்தையில் படுத்துக் கிடக்கும். காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்தவர்கள் பாலக்காட்டிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வந்து அந்தப் பெட்டியைப் பார்த்து ஏங்கிவிட்டுப் போவார்கள்.

ஊரில் அவருக்குப் பெயர் புளி ராவுத்தர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். பழைய காசு கேட்டு யார் வந்தாலும், கலெக்டராகவே இருந்தாலும், அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"ஊட்டுல புளி எங்கீங்க வெப்பீங்க?"

காரணம் இல்லாமல் இல்லை. பழைய செப்புக்காசுக்கு அழகே அதன்மேல் காலம் பூசிவிட்டுப் போன கருப்புதான். அந்தக் கருப்புக்குத்தான் மதிப்பும். ஆனால் நம் வீடுகளில் செம்பையும் பித்தளையையும் கருப்பாக விட்டுவைக்கிற வழக்கம் கிடையாது. ஒரு கொட்டைப் பாக்களவு புளி, கொஞ்சம் சாம்பல், நாலு தேய்ப்பு; காசு புதுமாப்பிள்ளை மாதிரி மின்னும், மதிப்பு மண்ணோடு போகும். ராவுத்தர் கையால் கொடுத்த காசுகள் பல இப்படிப் புளியில் மாண்டிருக்கின்றன. சூடு கண்ட பூனை.

நான் முதன்முதலாக அந்தக் கடைக்குள் நுழைந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை, சாயங்காலத்தில் பொழுது போகாத தொல்லை, அதனால் பிறந்த காசு ஆசை. அவ்வளவுதான்.

"காசு பாக்கணுங்க" என்றேன்.

"பாக்கறதுக்குங்களா, கொண்டு போறதுக்குங்களா?"

"கொண்டு போறதுக்குத்தானுங்க."

கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சொந்த ஊடுங்களா, வாடகைங்களா?"

"சொந்த ஊடுங்க."

"ஒழுகுமுங்களா?"

"மழை பலமா அடிச்சா மேக்கால மூலையில கொஞ்சூண்டு..."

"அப்பக் காசு கெழக்கால இருக்கட்டும். ஊட்டுல ஆரெல்லாம்?"

"நானும் சம்சாரமும்தானுங்க. பையன் பெங்களூர்ல."

"அம்மிணிக்குக் கோவம் வருமுங்களா?"

"எம்மேல மட்டுந்தானுங்க."

"செரி, அது பிரஸ்னமில்ல. புளி எங்கீங்க வெப்பீங்க?"

சமையலறை மேல்தட்டில், பரணி என்கிற பீங்கான் ஜாடிக்குள் என்றேன். பரணிக்கு மூடி உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். சாந்தாமணியை எனக்குக் கட்டிக் கொடுக்கும்போது என் மாமனார் இதில் பாதிகூட விசாரிக்கவில்லை. நடுவில் ஒருதரம் நான் விலையைக் கேட்டேன். சம்பந்தம் பேசும் இடத்தில் சாப்பாடு எப்போது என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். கடைசியில் ஒரு சங்குக் காசைப் பஞ்சில் சுற்றி, தீப்பெட்டியில் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். நானும் என்னை அறியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் நான் ஏமாளி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ராவுத்தர் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கையில் அல்வாப் பொட்டலம். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குத் தகப்பன் மறுவீடு வந்ததுபோல, கொடுத்த காசு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் போவாராம்.

என் மனைவி சாந்தாமணிக்கு அவரை ஊர்ப்பெயரால் மட்டும் தெரியும். புளி ராவுத்தர் என்றால் புளி பிடித்தவர் என்று அவளாகவே முடிவுகட்டி, ஓடோடிப் போய்ப் புளிசாதம் கிளறிவிட்டாள். ராவுத்தர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சாந்தாமணியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அம்மிணி, இந்தப் புளி எங்கிருந்துங்க எடுத்தீங்க?"

தன் புளிக்கு இப்படியொரு மரியாதையா என்று அவள் பூரித்துப்போய்ப் பரணியையே இறக்கிக் காட்டினாள். ராவுத்தர் பரணியைப் பார்த்தார். காசு இருந்த பீரோவைப் பார்த்தார். நடுவில் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தார். திருப்தியாக உட்கார்ந்து புளிசாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அன்றிலிருந்து அவள் அவருக்கு அம்மிணி, அவர் அவளுக்கு ராவுத்தரண்ணன். கூடப் பிறந்தவர்கள் இல்லாமல் வளர்ந்தவள் அவள். மாதத்தில் ஒரு ஞாயிறு அண்ணன் வருவான் என்பது அவளுக்கு எத்தனை பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மற்றவர்களுக்கெல்லாம் மறுவீடு இவ்வளவு சுமுகமாக முடியாது. மூணாறுப் பக்கம் சித்திரபுரத்தில் மின்சார வாரியக் குடியிருப்பில் இருந்த ஒருவர், பூர்வீகம் திருநெல்வேலி, இங்கே வந்து ஒரு காலணா வாங்கிப் போனார். அந்த ஒற்றைக் காலணாவைப் பார்க்க ராவுத்தர் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று பஸ் மாறி மாறி மலையேறினார். போன இடத்தில் விடாத மழை. சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. ராவுத்தர் காசைக் கையில் எடுத்தவர் திரும்ப வைக்கவே இல்லை.

"சாரே, இது செரியாவாதுங்க. புள்ளைக்கு ஜலதோஷம் புடிச்சிரும்."

"என்ன பாய் பேசுதீய? நான் துட்டு குடுத்துல்லா வாங்கியிருக்கேன்!"

"இந்தாங்க உங்க துட்டு. நான் கூட்டீட்டுப் போறேனுங்க."

கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். சித்திரபுரத்துக்காரர் எதிர்த்துப் பேச வாயெடுத்தபோதெல்லாம் ராவுத்தர் சுவரைத் தொட்டுக் காட்டினாராம். இப்போது அந்தக் காலணா பொள்ளாச்சியில் ஒரு பல் டாக்டர் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறது. சித்திரபுரத்துக்காரர் லீவில் வரும்போதெல்லாம் கடைக்கு வந்து அதன் க்ஷேமத்தை விசாரித்துவிட்டுப் போவார்.

என் காசுச் சேகரிப்பு மெல்ல வளர்ந்தது. ஒன்றே ஒன்று பாக்கி. திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம். மிளகைத் தட்டையாக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அந்தக் காசு. ராவுத்தரிடம் ஒன்று இருந்தது. நான் கேட்கும்போதெல்லாம், "அது கடைக்குட்டிங்க சாரே, கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும்" என்பார். ஒருநாள் அவராகவே சொன்னார், விஷு கழியட்டும், தருகிறேன் என்று. நான் தரையில் நடக்கவில்லை.

விஷுவும் வந்தது. விடிந்தால் கணி, கண் விழித்ததும் முதலில் பார்க்க வேண்டிய மங்கலக் காட்சி. வெண்கல உருளி, வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, கண்ணாடி எல்லாம் சாந்தாமணி முதல்நாளே எடுத்து வைத்தாள். உருளியைப் புளி போட்டு விளக்கினாள். கணிக்குக் காசும் வேண்டுமே! சாதாரண ரூபாயை வைப்பதைவிடச் சங்கு போட்ட காசு லட்சுமிகரமாயிற்றே என்று பீரோவைத் திறந்தாள். சாமிக்கு வைக்கிற காசை அழுக்காகவா வைப்பது? உருளி விளக்கிய கையோடு அதையும் விளக்கிவிட்டாள்.

காலையில் பாயசத்துக்கு ராவுத்தர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே உருளியில் ஏதோ தகதகப்பதைப் பார்த்துவிட்டார். கிட்டே போனார். குனிந்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். விடிகாலையில் அரைத்தூக்கத்தில் கணி கண்ட எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"எப்பிடிங்கண்ணா இருக்குது நம்ம கணி?" என்று ஆசையாகக் கேட்டாள் சாந்தாமணி.

"நல்லா மின்னுதுங்க அம்மிணி" என்றார் அவர். பாயசத்தையும் குடித்து முடித்தார். அந்த மனிதர் அன்றைக்குக் குடித்தது பாயசமா விஷமா என்று அவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

வாசலுக்கு வந்ததும் என் தோளில் கை வைத்தார்.

"அம்மிணிகிட்ட மூச்சு உடாதீங்க. சாமிக்கு வெக்கறதை வெளக்காமயா வெப்பாங்க? அவங்க மேல தப்பில்ல. ஆனா சாரே, புளி பட்ட ஊட்டுக்கு நான் மறுக்காக் காசு குடுக்கறதில்ல. இது எல்லாத்துக்கும் உள்ள சட்டமுங்க."

காசு கிடையாது என்றால் மறுவீடும் கிடையாது. வராமல் போனது மட்டுமல்ல, எங்கள் வீட்டைத் தாண்டும்போது வெயிலோ மழையோ இல்லாவிட்டாலும் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார். சாந்தாமணியிடம் நேருக்கு நேர் பொய் சொல்ல வேண்டி வருமே என்ற பயம்தான். அவளோ ஜன்னலில் நின்று அந்தக் குடையைப் பார்ப்பாள்.

"ஏனுங்க, ராவுத்தரண்ணன் ஏன் இப்பல்லாம் வர்றதில்லீங்க? நான் ஏதாச்சும் சொல்லிட்டனுங்களா?"

"சீசன் நேரம். வேலை இருக்கும்" என்பேன். பூட்டுக்கு என்ன சீசன் என்று அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டம்ளர் அரிசி கூடவே போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சக்கரம் போனது பெரிதாக இருந்தது, அவளுக்கு அண்ணன் போனது.

சக்கரத்துக்காவது வழி உண்டே என்று போனை எடுத்தேன். ஆன்லைனில் காசு வாங்குவது இருக்கிறதே, ஆகா, என்ன சுகம்! வீடு ஒழுகுமா என்று யாரும் கேட்பதில்லை. மனைவியின் குணநலன் பற்றிய விசாரணை இல்லை. பெயர், விலாசம், பின்கோடு, பணம், தீர்ந்தது. கொலைகாரனாக இருந்தாலும் கொடுத்துவிடுவார்கள். படத்தில் என் சக்கரம் அப்பளம் அளவுக்கு விரிந்து கிடந்தது. விரலால் இழுக்க இழுக்க இன்னும் பெரிதாயிற்று. பின்பக்கம் பார்க்கலாம், ஓரம் பார்க்கலாம். கடையில் ராவுத்தர் தீப்பெட்டியைப் பாதிதான் திறந்து காட்டுவார். விற்பவர் ராஜஸ்தானில் ஏதோ ஒரு ஊர்க்காரர். நல்லவர், கெட்டவர் என்று ஆளாளுக்கு அவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். நல்லவர் என்றவர்களை மட்டும் நம்புவது என்று முடிவு செய்து பட்டனை அமுக்கினேன்.

வந்த அன்று நான் ஆபீஸில். சாந்தாமணி மீனாட்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கொரியர்க்காரப் பையன் போன் செய்தான்.

"சாரே, ஊடு பூட்டியிருக்குங்க. அடையாளம் போட்ட எடத்துல குடுத்துட்டேனுங்க. உள்ள ஒண்ணுமே இல்லாதது மாதிரி காத்தாட்டம் இருக்குது."

"எந்த எடத்துல?"

"நீங்கதான போட்டிருக்கீங்க? புளி ராவுத்தர் கடை."

நம் ஊரில் வீட்டு எண்ணை நம்பி யார் வருகிறார்கள்? அடையாளம் என்ற கட்டத்தில் பல வருஷங்களுக்கு முன்பு 'புளி ராவுத்தர் கடை அருகில்' என்று நான்தான் நிரப்பியிருந்தேன். குக்கர் வாங்கினாலும் போர்வை வாங்கினாலும் அந்த அடையாளம் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். திருடன் போலீஸ் ஸ்டேஷன் விலாசத்தைக் கொடுத்த கதையாக, ஆன்லைனில் வாங்கிய காசு ராவுத்தர் மேஜையிலேயே போய் இறங்கிவிட்டது.

சாயங்காலம் போனேன். பொட்டலத்தைப் பிரிக்காமல், தனியாக ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார். மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"வாங்க சாரே. வடக்க இருந்து புள்ளை வந்திருக்குது. காலையிலிருந்து மூச்சுமுட்டக் கெடக்குது. தொறங்க."

பிரித்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் உறை, அதற்குள் அட்டை, அட்டைக்குள் காகிதம். எல்லாவற்றுக்கும் நடுவே பயந்துபோன கடுகு மாதிரி என் சக்கரம். ராவுத்தர் லென்ஸை மாட்டினார். திருப்பினார். தன் தீப்பெட்டியை எடுத்து, தன் சக்கரத்தைப் பக்கத்தில் வைத்தார். அவர் வாயிலிருந்து 'போலி' என்ற வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அது வந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அவருக்கும் ஜெயம்.

"நல்ல காசுங்க" என்றார். லென்ஸைக் கழற்றிவிட்டு, "நம்ம காசைவிட நல்லா இருக்குது" என்றார். சொல்லிவிட்டு, கையில் கிடைத்த ஒரு பூட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

"நான் வரட்டுங்களா, ராவுத்தரே?"

"இருங்க. மறுவீடு எப்ப வர்றாராம்?"

"ஆருங்க?"

"வித்தவருங்க. புள்ளையக் குடுத்தவரு வந்து பாக்க வேண்டாமா?"

அவர் எங்கே வரப்போகிறார், ஆன்லைனில் அதெல்லாம் கிடையாது என்றேன். ராவுத்தர் நம்பவில்லை. கேட்காமல் எப்படிச் சொல்லலாம் என்றார். பொட்டலத்தில் இருந்த நம்பரை என் போனில் அவரே அழுத்தினார். வாலிபத்தில் பம்பாயில் டீக்கடையில் நின்றபோது கற்ற இந்தி கைவசம் இருந்தது.

"பாய்சாப், நமஸ்தே! லட்கி பஹூத் அச்சா ஹை. ஆப் கப் ஆயேகா?"

பெண் ரொம்ப நன்றாக இருக்கிறாள், நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று அர்த்தம். எதிர்முனை 'ஹலோ, ஹலோ' என்றது. ராவுத்தர் விடவில்லை. கவலை வேண்டாம், மாப்பிள்ளை வீட்டில் மேற்கு மூலை மட்டும்தான் ஒழுகும் என்பதையும் இந்தியில் சொல்லப் பார்த்தார். போன் துண்டிக்கப்பட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும்போதே என் போனில் செய்தி வந்து விழுந்தது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், பொருளைத் திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் என்று.

படித்துச் சொன்னேன். ராவுத்தர் முகம் சிவந்துவிட்டது.

"திருப்பி அனுப்பறதா? வந்த புள்ளையவா? என்னங்க மனுசன் அவன்!"

சக்கரத்தை எடுத்துப் புதுப் பஞ்சில் சுற்றினார். தன் காசை வெளியே வைத்துவிட்டு, அந்தத் தீப்பெட்டியிலேயே என் காசை வைத்து மூடினார்.

"பெத்தவன் வர மாட்டேன்னுட்டான். நாதியில்லாம உட முடியுமுங்களா? பொறந்த ஊட்டுப் பக்கமா நான் வர்றேன். ஞாயித்துக்கெழமைன்னு அம்மிணிகிட்டச் சொல்லி வெய்யுங்க."

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சாந்தாமணியிடம் சொன்னேன். அண்ணன் வருகிறார் என்றதும் அவள் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று பிடித்துக்கொண்டாள். இனி மறைத்துப் பயனில்லை என்று புளி விவகாரத்தை முழுக்கச் சொன்னேன்.

"அட சாமி! புளின்னா அவருக்கு உசுருன்னில்ல நெனச்சேன்! வர்றப்பல்லாம் புளிசாதமாப் போட்டுக் கொன்னிருக்கேனே! அத்தனையும் தின்னுட்டுப் போனாரே, ஒரு வார்த்தை சொன்னாரா?"

சனிக்கிழமையே பரணி பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் புளிக்குத் தடையுத்தரவு. குழம்பு, மோர்க்குழம்பு. ரசம், எலுமிச்சை ரசம். வெள்ளைச் சட்டையும் அத்தருமாக ராவுத்தர் வந்தார், கையில் அல்வா. பீரோவைத் திறக்கச் சொல்லி, வடக்கத்திச் சக்கரத்தைப் பார்த்து, இடம் பிடித்திருக்கிறது என்றார். மின்னிக்கொண்டிருந்த சங்குக் காசையும் எடுத்துத் தடவிக் கொடுத்து, "கருத்துருமுங்க, காலம் ஆவும்" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். மோர்க்குழம்பு முடிந்து ரசத்துக்கு வந்தார். ஒரு வாய் வைத்தார், நிமிர்ந்தார்.

"ரசத்துக்குப் புளி பத்தலீங்க அம்மிணி."

சாந்தாமணி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி பரணியோடு எட்டிப் பார்த்தாள்.

சட்டம் சட்டம்தான். இன்றுவரை ராவுத்தர் தன் கையால் எங்களுக்கு ஒரு காசு கொடுத்ததில்லை, கேட்டாலும் கொடுக்க மாட்டார். ஆன்லைனில் வரும் நாதியற்ற காசுகளுக்கு மட்டும் பிறந்தகத்துப் பக்கமாக அல்வாவோடு வந்து போகிறார். அப்படி வந்தே எனக்கு வேண்டிய காசெல்லாம் சேர்ந்துவிட்டது. இனி வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

நேற்று துணி மடித்துக்கொண்டே சாந்தாமணி கேட்டாள்.

"ஏனுங்க, ராவுத்தரண்ணன் வந்து ரொம்ப நாளாச்சுங்களே?"

நான் போனை எடுத்து, கண்ணில் முதலில் பட்ட ஏதோ ஒரு காசுக்குப் பட்டனை அமுக்கினேன். எந்த ஊர்க் காசு என்றுகூடப் பார்க்கவில்லை. அடையாளம் என்ற கட்டத்தில் 'புளி ராவுத்தர் கடை அருகில்' என்று இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டேன்.